ஃபேன் பார்க் ஓஸ்வால்ட்

தொம்மலூர்ப் பழைய ஊருக்குள் போகிற சந்து பெரிய ரோட்டில் வந்து முட்டுகிற இடத்தில் ஒரு முக்கோணப் பூங்கா இருக்கிறது. பூங்கா என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு தூங்குமூஞ்சி மரம், இரண்டு சிமெண்டு பெஞ்சு, சுற்றிக் கம்பி வேலி, நடுவில் ஒரு கருங்கல் தூண், அவ்வளவுதான். தூணின் உச்சிக்குச் சற்றுக் கீழே, ஆறடி நீளத்துக்கு ஒரு மர இறக்கை குறுக்காகப் பொருத்தியிருக்கும். பழைய காலத்து விமானங்களின் மூக்கில் சுற்றுமே, அந்த இறக்கை. ஆட்டோக்காரர்களுக்கு இது ஃபேன் பார்க். நினைவுத்தூண் என்று சொன்னால் யாரும் வண்டியைத் திருப்ப மாட்டார்கள்.

தூணின் அடியில் ஒரு கல்பலகை. விமானம் என்றால் ஊரே மேலே பார்த்த காலத்தில், இந்தப் பக்கத்து மைதானத்திலிருந்து பறக்கப் பழகி, விழுந்து இறந்த மூன்று பேரின் பெயர்கள் அதில் இருக்கின்றன. அவர்களுடைய மெக்கானிக்குகள் சேர்ந்து நட்ட தூண் இது என்று கீழ் வரி சொல்கிறது. நான் ஏழாவதோடு நின்றவள். அந்த இங்கிலீஷ் வரியை எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்க எனக்கு ஒரு மத்தியானம் ஆனது.

ரோடு அகலமானபோது தூணைப் பெயர்த்துப் பத்தடி தள்ளி நட்டார்கள். அப்புறம் விளம்பரப் பலகைகள் வந்து அதை மறைத்தன. வருஷா வருஷம் குடியரசு தினத்துக்கு முன்னால் யாரோ வந்து, கல்லுக்கும் மரத்துக்கும் சேர்த்து ஒரே வாளிப் பெயிண்டை அடித்துவிட்டுப் போனார்கள். ஒரு வருஷம் வெள்ளி, ஒரு வருஷம் பச்சை. கல்பலகையின் எழுத்துகள் பெயிண்டில் மூழ்கிப் போயின.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரு டிரஸ்ட் இதைச் சீர்செய்ய எடுத்துக்கொண்டது. நிருபமா மேடம் பொறுப்பு. பழைய கட்டடங்களைப் பழையபடி ஆக்குவது அவருடைய படிப்பு. நானும் ஃபாத்திமாவும் ஹெல்பர்கள். கல்லுக்கு ஃபாத்திமா, மரத்துக்கு நான் என்று மேடம் பிரித்துவிட்டார். பெயிண்டைக் கரைக்கிற பசையைத் தடவ வேண்டும், பிளாஸ்டிக் தாள் போட்டு மூட வேண்டும், ஊறியதும் மூங்கில் சீவலால் சுரண்ட வேண்டும். இரும்பு படக் கூடாது. சாரத்தின் மேல் உட்கார்ந்து ஒரு நாளைக்கு ஒரு சாண் முடித்தால் அது நல்ல நாள்.

கை மெதுவாக நகர்கிற வேலையில் கண்ணுக்கு நிறைய நேரம் கிடைக்கிறது. பூங்காவுக்கு எதிரே பஸ் ஸ்டாப். அங்கே தினமும் பத்தரை மணிக்கு ஒருவர் வந்து உட்கார்ந்தார். எழுபது வயதுக்குக் குறையாது. வெளுத்த நீலச் சட்டை, பாக்கெட்டில் ஒரு டெஸ்டர், காலில் ரப்பர் செருப்பு. எத்தனையோ பஸ் வந்தது, எதிலும் ஏறவில்லை. ஒரு மணிக்கு டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டார். பாட்டில் தண்ணீரில் டப்பாவைக் கழுவி, அதே தண்ணீரை நடைபாதையில் இருந்த ஒரு செடிக்கு ஊற்றினார். மூன்றரைக்கு சிவாஜிநகர் பஸ் வந்ததும் எழுந்து போனார்.

"ஏய் பிரபா, உன் ஆளு வந்துட்டார் பாரு," என்றாள் ஃபாத்திமா.

"சும்மா இரு."

"நான் எதுக்கு சும்மா இருக்கணும்? நீ நாலு நாளா அவரைப் பாக்கறே. அவர் நாலு நாளா அந்தக் கட்டையைப் பாக்கறார். என்னைப் பாக்க இந்தக் கல்லு மட்டும்தான். நக்கோ பா, எனக்கு இந்த வேலையே வேணாம்."

ஐந்தாம் நாள் அவர் ரோட்டைக் கடந்து வந்து வேலிக்கு வெளியே நின்றார். கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்க்காமலே பேசினார்.

"ம்மா, அந்த இடது பக்கம் கொஞ்சம் பாத்து. நுனியிலேருந்து ஒரு சாண் உள்ள ஒட்டு இருக்கு. பசை இறங்குச்சுன்னா விட்டுக்கும்."

நான் அந்த இடத்தைப் பார்த்தேன். வழவழவென்று பச்சைப் பெயிண்ட். அதற்கு அடியில் இன்னும் எத்தனை பூச்சு என்று எனக்கே தெரியாது. ஒட்டு இருக்கிற அடையாளம் எதுவும் இல்லை. நான் திரும்புவதற்குள் அவர் பஸ் ஸ்டாப்பில் பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

மூன்று நாள் கழித்து அந்த இடம் திறந்தது. தலைமுடி போல ஒரு சாய்ந்த கோடு. நுனியிலிருந்து என் கையை வைத்து அளந்தேன். ஒரு சாண்.

மேடத்திடம் சொல்லவில்லை. ஃபாத்திமாவிடமும் சொல்லவில்லை. ஒரு மணிக்கு என் டப்பாவை எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து, அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தேன்.

"ஒட்டு விடலை, அங்கிள்."

"விடாது," என்றார். "பாத்துச் செய்யறீங்க."

அன்றைக்கு அவ்வளவுதான் பேச்சு. மறுநாளும் போனேன். அவர் பெயர் ஓஸ்வால்ட். அவர் கதை எனக்கு ஒரு மாதத்துச் சாப்பாட்டு வேளைகளில், வாய்க்கும் டப்பாவுக்கும் நடுவில், முன்னும் பின்னுமாகத்தான் கிடைத்தது. நான் அதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

லிங்கராஜபுரத்தில் பிறந்தவர். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா, தங்கை ஆஞ்சலா, அவர். பதினைந்து வயதில் ஃபேன் ரிப்பேர் கடையில் சேர்ந்தார். எரிந்துபோன செம்புக் கம்பியை உருவி எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றுகிற வேலை. கடை இந்தப் பூங்காவுக்கு எதிரே, இப்போது பஸ் ஸ்டாப் இருக்கிற இடத்துக்கு நேர் பின்னால் இருந்தது. முப்பத்தொரு வருஷம் அங்கே வேலை செய்தார். மேஜை வாசலைப் பார்த்துப் போட்டிருந்தது. தலை நிமிர்ந்தால் தூண். தலை நிமிர்ந்தால் இறக்கை.

ஆஞ்சலா கல்யாணமாகி ஆஸ்திரேலியா போனாள். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. அவராகவே ஒரு நாள், "அம்மா படுத்துக்கிட்டாங்க. எழுந்திரிக்கறதுக்குள்ள எனக்கு நாப்பத்தி மூணு ஆயிடுச்சு," என்றார். அம்மா எழுந்திருக்கவே இல்லை என்பது அடுத்த வாரம் தெரிந்தது. அம்மா போனது தொண்ணூற்று ஆறாம் வருஷம், தவக்காலத்தில்.

அதே வருஷம் மே மாதம் ஒரு மத்தியானம் ஆலங்கட்டி மழை. தூங்குமூஞ்சி மரத்தின் ஒரு கிளை முறிந்து நேராக இறக்கையின் மேல் விழுந்தது. பல வருஷம் நனைந்து உள்ளே உளுத்திருந்த மரம். நான்கு துண்டாகக் கீழே கிடந்தது. மறுநாள் காலை அவர் கடை திறப்பதற்குள் குப்பை வண்டி கிளையோடு சேர்த்து அதையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது.

"யாராவது வந்து கேப்பாங்கன்னு பாத்தேன்," என்றார். "எங்க போச்சு, யாரு எடுத்தா, எப்படி உடைஞ்சுதுன்னு. கேட்டா சொல்லலாம்னு வாசல்லயே இருந்தேன். ஜூன் போச்சு, ஜூலை போச்சு. ஒருத்தர் கூட கேக்கலை. தூண்ல நாலு ஓட்டை மட்டும் நின்னுக்கிட்டிருந்துது."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. அந்த வருஷம் வீட்டிலும் யாரும் அவரை எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்பதற்கு வீட்டில் ஆள் இல்லை.

அப்போது அவர்களுடைய மாதா கோயிலில் பழைய பெஞ்சுகளை மாற்றினார்கள். கழித்துப் போட்ட தேக்குப் பலகைகள் கோயிலுக்குப் பின்னால் அடுக்கிக் கிடந்தன. உபதேசியாரைக் கேட்டு மூன்று பலகை வாங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறிக் கடைக்கு வந்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பலகைகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி, செதுக்க ஆரம்பித்தார். ஒரு பலகையின் ஓரம் செல்லரித்திருந்தது. அதை வெட்டிவிட்டு வேறு துண்டு வைத்து ஒட்டினார். அந்த ஒட்டுதான் நான் பார்த்தது.

"அளவெல்லாம் எப்படித் தெரியும், அங்கிள்?"

"இருபத்தெட்டு வருஷமா பாத்த சாமான். தெரியாம என்ன?" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் பொறுத்து, "தெரியும்னுதான் நெனச்சேன்," என்றார்.

மாட்டிய கதையைச் சொல்லும்போதுதான் அவர் சிரித்ததை முதலில் பார்த்தேன். காந்தி ஜெயந்தி அன்றைக்கு, பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு, கடை ஏணியைத் தூக்கிக்கொண்டு பூங்காவுக்குள் போனார். ஒளிந்து செய்தால்தான் பிடிப்பார்கள், வெளிச்சத்தில் செய்தால் கார்ப்பரேஷன் ஆள் என்று நினைப்பார்கள் என்று அவர் கணக்கு. டிராஃபிக் கான்ஸ்டபிள் ஒருவர் வந்தார். இவர் ஏணியிலிருந்து இறங்கவில்லை.

"அந்த ஆளு என்னப் பாத்து, 'ஏன்ப்பா, ரஜா நாள்லயும் உங்களுக்கு வேலையா?'ன்னு கேட்டுட்டு ஏணியைப் பிடிச்சுக்கிட்டார். நாலு போல்ட்டும் முடுக்கற வரைக்கும் பிடிச்சுக்கிட்டிருந்தார். 'நெட்டகா இருக்கா, நேரா இருக்கா பாருங்க சார்'னு கேட்டேன். 'பலகடை ஸ்வல்ப ஏத்து'ன்னார். வலது பக்கம் கொஞ்சம் ஏத்தினேன்."

இறக்கை காணாமல் போனதை யாரும் கவனிக்கவில்லை. திரும்பி வந்ததையும் யாரும் கவனிக்கவில்லை. ஆஞ்சலா கிறிஸ்துமஸுக்கு போன் செய்தபோது அவளிடம் மட்டும் சொன்னார். "உனக்கு வேற வேலையே இல்லையாண்ணா?" என்றாளாம். பிறகு கடையை இடித்தார்கள். முதலாளியின் மகன் வேறு வியாபாரத்துக்குப் போனான். ஓஸ்வால்ட் வீட்டிலிருந்தே கூப்பிட்ட இடங்களுக்குப் போய் வேலை பார்த்தார். கூப்பிடுவது குறையக் குறைய இங்கே வருவது கூடியது. எட்டு வருஷமாகத் தினமும் வருகிறார்.

"இந்த ஊர்ல நான் கையால தொட்ட ஃபேன் எத்தனையோ ஆயிரம் இருக்கும்," என்றார் ஒரு நாள். "எல்லாம் யாரோட வீட்டுக்குள்ளயோ சுத்துது. போய்ப் பாக்க முடியுமா? இது ஒண்ணுதான் ரோட்ல இருக்கு."

பெயிண்ட் முழுவதும் போனதும் தேக்கு தேன் நிறத்தில் வெளியே வந்தது. நிருபமா மேடம் சாரத்தில் ஏறி வந்து, உள்ளங்கையை அதன் மேல் வைத்து அப்படியே நின்றார்.

"பிரபா, எஷ்டு சென்னாகிதெ, எவ்வளவு அழகா இருக்கு பாரு. தொண்ணூறு வருஷத்து மரம். இதை இனிமே வெயில்ல விடக் கூடாது. டிரஸ்ட் கமிட்டில பேசிட்டேன். மியூசியத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கப் போறோம். இங்க ஃபைபர்ல ஒரு காப்பி பண்ணி மாட்டிடலாம்."

"சரி மேடம்," என்று மட்டும் சொன்னேன்.

மத்தியானம் ஓஸ்வால்டிடம் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"கண்ணாடிப் பெட்டியா?"

"ஆமா."

"அந்த மூணு பேர் காலத்துதுன்னு எழுதி வைப்பாங்களா?"

"அப்படித்தான் நினைக்கிறாங்க."

அவர் டப்பாவை மூடினார். "சொன்னா தூக்கிப் போட்டுடுவாங்க. சொல்லலைன்னா கொண்டுபோய் பூட்டிடுவாங்க." டப்பாவைப் பைக்குள் வைத்தார். "பிளாஸ்டிக்கைப் பாக்கறதுக்கா நான் பஸ் ஏறி வரணும்?"

நான் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். அது சரி என்ற ஆட்டலா, வேண்டாம் என்ற ஆட்டலா, எனக்குத் தெரியவில்லை. அடுத்த மூன்று நாள் அவர் வரவில்லை. பஸ் ஸ்டாப்பில் அவர் இடத்தில் கல்லூரிப் பெண்கள் உட்கார்ந்தார்கள். நடைபாதைச் செடிக்கு நான் தண்ணீர் ஊற்றினேன்.

நான்காம் நாள் கமிட்டி ஆள் பார்வையிட வந்தார். சீனிவாசராகவன் சார். விமானத் தொழிற்சாலையில் பெரிய என்ஜினியராக இருந்து ரிட்டையர் ஆனவர். வெள்ளைத் தொப்பி, கைத்தடி, நல்ல சத்தமான குரல். அன்றைக்குத்தான் ஓஸ்வால்டும் வந்தார். ஸ்டாப்பில் உட்காரவில்லை. நேராக வேலியோரம் வந்து நின்றார்.

சீனிவாசராகவன் சார் கீழே நின்று இறக்கையை அண்ணாந்து பார்த்தார். இந்தப் பக்கம் போய்ப் பார்த்தார், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"என்னம்மா நிருபமா, இதோட பின்பக்கம் முன்னால இருக்கே!"

"புரியலை சார்."

"பாருங்கோ. விமானத்துல இறக்கையோட உருண்டையான பக்கம் முன்னால இருக்கும். தட்டைப் பக்கம் ஓட்டறவன் பக்கம். காத்தைப் பின்னால தள்ளினாத்தானே வண்டி முன்னால போகும்? இங்க தட்டைப் பக்கம் நம்மளைப் பாத்துண்டு நிக்கறது. உங்காத்து டேபிள் ஃபேன்லதான் இப்படி இருக்கும். எதிர்ல உக்காந்திருக்கறவா மூஞ்சில காத்து வரணும்னு."

"ஆட்டோக்காரங்க சரியாத்தான் பேர் வெச்சிருக்காங்க சார்," என்றாள் ஃபாத்திமா கல்லைத் துடைத்துக்கொண்டே. யாரும் சிரிக்கவில்லை.

மேடம் முகம் சுருங்கியது. "நடுவுல யாராவது கழட்டித் திருப்பி மாட்டியிருப்பாங்க சார்."

"அதான் இல்லை. போல்ட் தலை உக்காரக் குடைஞ்சிருக்காளே, அது தட்டைப் பக்கத்துல இருக்கு. செய்யறப்பவே இப்படித்தான் செஞ்சிருக்கா." அவர் கைத்தடியால் கல்பலகையின் கீழ் வரியைத் தட்டினார். "மெக்கானிக்குகள் சேர்ந்து நட்டதுன்னு போட்டிருக்கு. அழகுதான் போங்கோ! முன்பக்கம் பின்பக்கம் தெரியாத மெக்கானிக்கு. இவா கையில வண்டியைக் குடுத்தா அந்த மூணு பேரும் விழாம என்ன பண்ணுவா? ரிப்போர்ட்ல இதை எழுதுங்கோ. சுவாரஸ்யமா இருக்கும்."

மேடம் நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

நான் வேலியைப் பார்த்தேன். ஓஸ்வால்டின் கை கம்பியில் இருந்தது. முகம் அந்தக் கல்பலகையின் பக்கம் இருந்தது. அவர் அதைப் பலமுறை படித்திருப்பார். அந்தக் கீழ் வரியில் பெயர் இல்லாமல் நிற்கிறவர்கள் அவரைப் போன்ற ஆட்கள்.

"சார்," என்றார்.

யாருக்கும் கேட்கவில்லை. லாரி ஒன்று போனது. அது போகும்வரை காத்திருந்து மறுபடி சொன்னார்.

"சார், அது அவங்க செஞ்சதில்லை. அவங்களைச் சொல்லாதீங்க. நான் செஞ்சது."

சீனிவாசராகவன் சார் திரும்பினார். "யாருய்யா நீ?"

"ஃபேன் மெக்கானிக்கு சார். எதிர்ல கடை இருந்துது. பழசு மழையில உடைஞ்சு போச்சு. தொண்ணூத்தி ஆறுல இதை நான்தான் செஞ்சு மாட்டினேன்."

"கதை சொல்றியா?"

"நாலு போல்ட்டையும் கழட்டிப் பாருங்க. கல்லைத் தொட்டுக்கிட்டு இருக்கற பக்கத்துல பதினாலுன்னு நம்பர் இருக்கும். கோயில் பெஞ்சு நம்பர்."

அன்றைக்கே கழட்டினோம். நாலு போல்ட்டும் துருப்பிடித்து ஒரு மணி நேரம் எடுத்தது. சாரத்திலிருந்து கயிறு கட்டி இறக்கி, புல்லின் மேல் கவிழ்த்துப் போட்டோம். வெள்ளை எழுத்தில், மங்கல் இல்லாமல், 14.

மேடம் குனிந்து அந்த எண்ணை விரலால் தொட்டார். கேட்டபோது குரல் மெதுவாக இருந்தது. "உங்க வீட்டுக்காரங்க உக்காந்த பெஞ்சா?"

"இல்லை மேடம். நாங்க பின்வரிசை. பதினாலுல யாரு உக்காந்தாங்கன்னு தெரியாது."

"எதுக்கு இதைச் செஞ்சீங்க?"

"ஓட்டை நாலும் சும்மா இருந்துது மேடம்," என்றார். பிறகு சீனிவாசராகவன் சாரைப் பார்த்து, "தினமும் பாத்த சாமான்தான் சார். செதுக்க உக்காந்தப்போ எந்தப் பக்கம் முன்னாடின்னு ஞாபகம் வரலை. கை ஃபேனுக்குப் பழகின கை. அதுவா இப்படிப் போயிடுச்சு. மாட்டி முடிச்சு இறங்கி நின்னு பாத்தப்பவே ஏதோ தப்புன்னு பட்டுது. எதுன்னுதான் தெரியலை. இத்தனை வருஷமும் அதைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். இன்னைக்குத் தெரிஞ்சுது," என்றார்.

சீனிவாசராகவன் சார் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "வேலை சுத்தமாத்தான் இருக்கு," என்றார். மேடம் நோட்டில் எழுதிய வரியை அடித்தார்.

பத்து நாளில் கமிட்டி முடிவு செய்தது. பழைய போட்டோ ஒன்றைத் தேடி எடுத்து, அதைப் பார்த்துத் தேக்கிலேயே சரியான இறக்கை ஒன்று செய்யச் சொன்னார்கள். ஓஸ்வால்டுடையது பழையது இல்லை, அதனால் மியூசியத்துக்கும் வேண்டாம். சரியானதும் இல்லை, அதனால் தூணுக்கும் வேண்டாம். மேடம் அவரிடம் பெயரும் முகவரியும் கேட்டார், ரிப்போர்ட்டில் போட. "பேரு எதுக்கு மேடம், தப்பாச் செஞ்சதுக்கு," என்றார். மேடம் வற்புறுத்திப் பார்த்தார். கடைசியில் 'உள்ளூர் மெக்கானிக் ஒருவர் செய்த மாற்று' என்று எழுதினார். அதை மேடமே எனக்குப் படித்துக் காட்டினார்.

"நீங்களே எடுத்துக்கிட்டுப் போறீங்களா?" என்று கேட்டதற்கு மட்டும் உடனே, "சரி மேடம்," என்றார்.

பஸ்ஸில் கொண்டுபோகலாம் என்பது அவர் எண்ணம். "லக்கேஜ் டிக்கெட் போட்டா ஏத்த மாட்டானா?" என்றார்.

"அங்கிள், நீங்க கேட்ட கேள்விக்கு கண்டக்டர் உங்களையே எறக்கி விட்டுடுவான்," என்றாள் ஃபாத்திமா. அவளுடைய தம்பியின் லக்கேஜ் ஆட்டோ வந்தது. பழைய சாக்குகளைச் சுற்றிக் கட்டினோம். அப்படியும் பின்னால் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. ஃபாத்திமா தன் சிவப்புத் துப்பட்டாவை அந்த நுனியில், நான் பார்த்துப் பார்த்துச் சுரண்டிய அந்த ஒட்டுக்குப் பக்கத்தில், கட்டிவிட்டாள். "போலீஸ் பிடிக்காம இருக்க," என்றாள். ஓஸ்வால்ட் டிரைவர் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்து, ஒரு கையைப் பின்னால் நீட்டி மரத்தைப் பிடித்துக்கொண்டார். ஆட்டோ மேம்பாலத்தடியில் திரும்புகிறவரை அந்தச் சிவப்பு தெரிந்தது.

அதன் பிறகு அவர் பஸ் ஸ்டாப்புக்கு வரவில்லை.

திறப்பு விழா ஜனவரியில் நடந்தது. புது இறக்கை வந்துவிட்டது. உருண்டைப் பக்கம் ரோட்டைப் பார்த்து, பாலிஷ் போட்டு மின்னியது. கல்பலகை எழுத்துகள் புதிதாக வெட்டியது போல இருந்தன. யாரோ மூன்று பெயரையும் வாசித்தார்கள், எல்லோரும் ஒரு நிமிஷம் மௌனமாக நின்றார்கள். மேடம் ஓஸ்வால்டுக்கும் அழைப்பு அனுப்பியிருந்தார். நான் மூன்று முறை எதிர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஸ்டாப்பில் வேறு யார் யாரோ இருந்தார்கள்.

அவருக்கென்று வைத்திருந்த ஸ்வீட் பாக்ஸை அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் லிங்கராஜபுரத்துக்கு எடுத்துப் போனேன். மாடியில் ஒற்றை அறை. கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்து ஒரு நிமிஷம் ஆள் தெரியாமல் நின்றார். சாரத்தையும் பஸ் ஸ்டாப்பையும் விட்டு வேறு இடத்தில் அவர் என்னைப் பார்த்ததில்லை.

"பிரபாவா! உள்ள வாங்க, உள்ள வாங்க. ஒரு நாற்காலிதான் இருக்கு, நீங்க உக்காருங்க."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். கட்டில் அறையின் நடுவில் கிடந்தது. ஒரு சுவர் முழுக்க இறக்கை. அதற்காக அலமாரியைக் கதவுப் பக்கம் தள்ளி, மாதா படத்தைக் கழட்டி ஜன்னல் மேல் வைத்திருந்தார். நாலு போல்ட்டும் சுவரில் இறங்கியிருந்தன. துருவைத் தேய்த்து எண்ணெய் போட்டிருந்தார். தட்டைப் பக்கம் கட்டிலைப் பார்த்தபடி இருந்தது.

"திருப்பி மாட்ட முடியாதே," என்றார் நான் பார்ப்பதைப் பார்த்து. "குழி இந்தப் பக்கம்தானே. இப்போ காத்தெல்லாம் எனக்கு மட்டும்தான் வருது."

சிரித்தார். நானும் சிரித்தேன். புது இறக்கை எப்படி இருக்கிறது என்று கேட்டார். சரியாக இருக்கிறது என்றேன். "சரியாத்தான் இருக்கணும்," என்றார். "பாக்க வாங்க அங்கிள்," என்றேன். "வரணும்," என்றார். வர மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அங்கே அவர் பார்க்க வேண்டியது ஒன்றுமில்லை.

தலைக்கு மேல் சீலிங் ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை 'கிறீச்' என்றது. ஊர் ஃபேன்களையெல்லாம் சரிசெய்தவர் வீட்டில் இப்படியா என்று நான் மேலே பார்த்தேன்.

"பேரிங்தான்," என்றார். "மாத்தினா போயிடும். அரை மணி நேர வேலை."

"மாத்தலாமே?"

"மாத்தலாம்." ஸ்வீட் பாக்ஸைப் பிரிக்காமல் மடியில் வைத்திருந்தார். "சாயங்காலமானா வேற சத்தம் இல்லைம்மா. இது கூட இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

காபி போடுகிறேன் என்றார். பால் இல்லை என்பதைப் பாத்திரத்தைத் திறந்த பிறகுதான் பார்த்தார். பரவாயில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். வாசல் வரை வந்தார். படியிறங்கும்போது கதவு மூடிய சத்தம் கேட்டது. அதன் பிறகு கிறீச், கொஞ்சம் விட்டு மறுபடி கிறீச். தெருவுக்கு வந்து, கோயில் மைக் செட்டுச் சத்தம் அதை மூடுகிறவரை, எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.